மருந்தடித்த மலையில் என் முழங்கால்

மாரத்தான் ஓடி முடித்த மறுவாரம் என் இடதுகால் கட்டைவிரல் நகம் காலுறைக்குள் தனியாகக் கிடந்தது. கறுத்து, சுருண்டு, செத்த மரவட்டை மாதிரி. அதை டிஷ்யூவில் ஏந்தி மனைவியிடம் காட்டியது தவறு. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காட்டியது அதைவிடப் பெரிய தவறு.

நகம் போனால் முளைத்துவிடும். முழங்கால்தான் வம்பு. கோலாலம்பூரில் அந்தப் பந்தயத்தின் கடைசிப் பகுதியை நான் ஓடவில்லை, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தேன். அங்கிருந்து எங்கள் மலையூரான தானா ராத்தா வரைக்கும் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முனகல் முனகினேன். பாதி வழியில் வாந்தியும் எடுத்தேன். காரை ஓட்டி வந்த மனைவி வீட்டு வாசலில் இறங்கியதுமே சட்டம் போட்டுவிட்டாள்.

“இன்னொரு தடவ நான் காடி எடுத்துட்டு வந்து ஒங்கள அள்ளிட்டு வரணும்னா, அன்னிக்கே அந்தச் சப்பாத்து குப்பையில. சொல்லிட்டேன்.”

மாதக்கணக்கில் ஓய்வு. பிறகு, நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் திடலில், மாணவர்கள் வீட்டுக்குப் போனபின் திருடன் போலச் சுற்றிச் சுற்றி மெல்லோட்டம். முழங்கால் ஆறிவிட்டது, ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்காலுக்கு அது புரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை. லேசாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டாலும் தூக்குப்படுக்கையில் கிடப்பதாகக் கற்பனை ஓடும்.

காட்டுப்பாதையில் ஏற்றமும் இறக்கமுமாக நெடுந்தூரம் ஓடுவது வேறு விஷயம். வழியில் கால் மடங்கினால் மனைவியைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தை அலமாரியிலிருந்து எடுத்தபோது உள்ளே பச்சையாக முடி முளைத்திருந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் எதை மறந்து வைத்தாலும் பூஞ்சைதான். துடைத்துப் பார்த்தேன், வழவழத்தது. கண்ணை மூடிக்கொண்டு காலை நுழைத்தேன்.

காட்டுக்குள் இறங்கியதும் வரவேற்பு பலமாக இருந்தது. நூடல்ஸ் கிண்ணங்கள், தண்ணீர்ப் போத்தல்கள், யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன குழந்தை டயாப்பர். இயற்கையை ரசிக்க வந்த மக்கள் இயற்கைக்குக் கொடுத்துவிட்டுப் போன சீதனம். வேரைப் பார்த்துக் கால் வைத்தால் சேறு, சேற்றைத் தாண்டினால் ரத்தம் குடிக்கும் அட்டை. சக்திக்கென்று ஒரு பாக்கெட் பசையைப் பிழிந்து விழுங்கினேன். சளி பிடித்த பிள்ளையின் மூக்கைத் துடைத்துத் தேனில் குழைத்தது போன்ற பண்டம். இதற்கு விலை வேறு கொடுக்கிறோம்.

காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் குச்சிகளில் சிவப்புப் பிளாஸ்டிக் நாடாக்கள் கட்டப்பட்டிருந்தன. எங்கள் ஓட்டக் கும்பல் புதுப்பாதை பிடித்தால் இப்படித்தான் நாடா கட்டி வைப்பார்கள். நான் திரும்பி வருகிறேன் என்று அறிந்து எனக்காகவே கட்டியிருக்கிறார்கள் என்று மனம் இளகிவிட்டது. நாடாவைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோழி எரு நாற்றம் குப்பென்று ஏறி வந்தது. அதை மறக்க ஒரு துளிரைக் கிள்ளி மென்றேன். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு, சுற்றுலா வந்தவன் மாதிரி.

கீழே மண்பாதையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, அந்தத் தேயிலை மலையின் கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். நாடாவைக் காட்டி, எங்கள் பாதை என்றேன்.

“பாதையா? அது மருந்து அடிச்ச அடையாளம் சார். யாரும் எறங்கக் கூடாதுன்னு கட்டியிருக்கோம்.”

மென்ற துளிரின் மிச்சம் பல்லிடுக்கில் இருந்தது. துப்பினேன். துப்பியது பச்சையாக இருந்தது. தேயிலை பச்சையாகத்தான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. நாக்கு மரத்தது. உதடு மரத்தது. கழுத்தில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது, நரம்பு இழுக்கிறது என்று முடிவு கட்டினேன். அது அட்டை. அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்றால்தானே. தானா ராத்தா ஆஸ்பத்திரியை நோக்கி ஏற்றத்தில் பாய்ந்தேன்.

எந்த ஏற்றத்தை நினைத்து மாதக்கணக்கில் நடுங்கினேனோ, அதே ஏற்றம். தார்ச்சாலைக்கு வந்தும் நிற்கவில்லை. கைபேசியில் மனைவியின் எண் மீது விரல் இருந்தது. அழுத்தவில்லை. சாகிறவனுக்குச் சப்பாத்து எதற்கு என்று ஒரு மனம், செத்தாலும் அவள் ‘சொன்னேன்ல’ என்பாளே என்று இன்னொரு மனம். பின்னால் மோட்டார் சத்தம் நெருங்கியது. தோட்டத்துக்குள் நுழைந்ததற்குப் பிடிக்க வருகிறார் என்று இன்னும் வேகமெடுத்தேன். ஒரு வளைவில் கங்காணி என்னை முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தினார்.

“சார், கீழ புல்லுக்குத்தான் அடிக்கிறது, செடிக்கு இல்ல. வாயக் கொப்புளிச்சா போதும். அதச் சொல்லத்தான் வந்தேன். என் மோட்டாரே மூச்சு வாங்குது லா.”

தண்ணீர் கொடுத்தார். கொப்புளித்தேன். நாக்கு உடனே உயிர்பெற்று, கேவலமாக நன்றி சொன்னது. டவுன் வரை ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். அப்போதுதான் முழங்கால் நினைவுக்கு வந்தது. மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன். வலியே இல்லை. அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. இத்தனை காலமும் வலித்தது மேல்மாடிதான். வேண்டாம் அண்ணே, ஓடியே போகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை.

பெருமையாக நாலு அடி வைத்திருப்பேன். எரு ஏற்றிய லோரி ஒன்று வளைவில் குலுங்கியது. பிளந்த மூட்டையிலிருந்து ஈரமாக, சூடாக, தோளில் ஒரு மாலை விழுந்தது. வாயை மூடியிருந்தேன் என்பது மட்டும் என் வாழ்வின் புத்திசாலித்தனம்.

வீட்டு வாசலிலேயே மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே விடவில்லை. தோட்டத்துக் குழாயைத் திருப்பிவிட்டு, மாட்டைக் கழுவுவது போல முன்னும் பின்னும் அடித்தாள். காலுறையிலிருந்து கொழுத்த அட்டை ஒன்று சிமெண்டில் விழுந்து நெளிந்தது. அவளுக்குக் குமட்டியது, எனக்கும்தான். அது என் ரத்தம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக. குளிரில் பல் தந்தியடிக்க, நான் போன் பண்ணவில்லை, என் காலிலேயே வந்தேன், கவனித்தாயா என்று கேட்டேன்.

“கவனிச்சேன்,” என்றாள். “தெரு முழுக்க கவனிச்சிருக்கும்.”

காடி எடுத்து வந்து அள்ள வேண்டியிருக்கவில்லை, சட்டம் சட்டம்தான் என்பதால் அவள் சப்பாத்தைக் குப்பையில் போடவில்லை. குச்சியால் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.