தங்கை மகளும் பிஸ்கட் பள்ளியும்

என் தங்கைக்குச் செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து ஊரார் கால்களை அளக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் ‘கடிக்குதா?’ என்று கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாலும், “எங்கயாவது கடிக்குதாக்கா?” என்பாள்.

அவள் மகளை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். நான்கு வயது, பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே எங்கள் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். ஒருத்தி கோதுமையை நிறுத்தச் சொன்னாள், இன்னொருத்தி டிவியை நிறுத்தச் சொன்னாள். வாயை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார், தங்கை கணவனின் அண்ணன். ஏதோ அலுவலகத்தில் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவர். ஆனால் வீட்டில் அவருக்குப் பட்டம் ‘ஆபீஸர்’. அவர் தம்பி, அதாவது சிட்டுவின் அப்பா, வேன் ஓட்டுகிறான். அந்த வேனுக்கு எந்தக் கலர் அடிப்பது என்பதுகூட ஆபீஸர் முடிவுதான். பிள்ளைக்குப் பள்ளி தேடும் வேலையை மட்டும் விட்டுவைப்பாரா?

அவர் கண்டுபிடித்த இடம் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாகப் பளபளவென்று இருந்தது. டை கட்டிய டைரக்டர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். ஒரு பையன் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறான். ‘என்னைப் பார்’ என்றால் பார்க்கிறான், வாயில் ஒரு துண்டு பிஸ்கட் விழுகிறது. ‘கையைக் கீழே வை’ என்றால் வைக்கிறான், இன்னொரு துண்டு.

“எங்ககிட்ட வந்த பிள்ளைங்க பேசாம போனதே இல்ல மேடம்” என்றார் டைரக்டர். பேசாமல் போன பிள்ளைகளை யார் வீடியோ எடுக்கப் போகிறார்கள்? ஆபீஸருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தங்கைக்கும்தான். மகள் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சொல் வந்தது. ‘எப்படி இருக்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சிட்டு சொன்னாள். குடும்பமே கூத்தாடியது. ஆபீஸர் பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, “எப்படி இருக்க?” என்பார். அவள் சொல்வாள். ஒரு துண்டு நீட்டுவார். கைதட்டல் வேறு. குரங்காட்டிக்குக்கூட நடுவில் கொஞ்சம் ஓய்வு உண்டு.

பிறகு சிட்டு காதில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பள்ளியில் அதைக் கெட்ட பழக்கம் என்று எழுதி, அடித்துக்கொண்டால் பிஸ்கட் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். ஒரு மாலை நான் போனபோது பிள்ளை சுவரோரம் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. தங்கை பதறிப்போய் மடியில் தூக்கி, “என்னடா கண்ணு, எப்படி இருக்க?” என்றாள்.

“நல்லா இருக்கேன்” என்றாள் சிட்டு. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டு வாயைத் திறந்து பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தாள்.

அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவமனையில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. “இத்தனை நாளா பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டார். தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு அவள் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மருந்துக் கடை மாடியில் ஒரு பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் இருந்தாள். சின்ன அறை, சாயம் போன விரிப்பு. வீடியோ இல்லை, டையும் இல்லை. முதல் நாள் அவள் கேட்டது ஒன்றுதான்: “இவளுக்கு என்னென்ன பிடிக்காது?”

எங்களுக்குத் தெரியவில்லை. எந்த பிஸ்கட் பிடிக்கும் என்பது தெருவுக்கே தெரியும். பிடிக்காததை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

“அப்ப ‘வேணாம்’லேர்ந்து ஆரம்பிப்போம்” என்றாள் அந்தப் பெண். “பரிசு குடுக்கறது தப்பில்லைங்க. ஆனா வலிக்குதுன்னு சொல்லத் தெரியறதுக்கு முன்னாடி நல்லா இருக்கேன்னு சொல்லக் கத்துக் குடுக்கக் கூடாது.” எத்தனை நாளில் பேசுவாள் என்று தங்கை கேட்டதற்கு, தெரியாது என்றாள். அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

சிட்டு எதையாவது தள்ளிவிட்டால் ‘வேணாம்’ என்று அவளுக்காகச் சொல்லிவிட்டு அதை உடனே எடுத்துவிட வேண்டும். சீப்பு, சத்தமிடும் பொம்மை, நான் ஆசையாகக் கொடுக்கும் முத்தம், எதுவானாலும் சரி. கேள்விப்பட்ட உறவினர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆபீஸருக்கோ தலைக்கேறிவிட்டது. “பிடிவாதம் பிடிக்கறதுக்கு ஒரு டியூஷனா?” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவோடுதான் வந்தார். டைரக்டரிடம் பேசிவிட்டாராம், மறுநாளே சிட்டுவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். தம்பி வழக்கம்போல் தலையாட்டத் தயாராக நின்றான். தங்கை முகம் வெளிறிவிட்டது. அவன் ஒரு ‘சரிண்ணா’ சொல்லிவிட்டால் போதும், பிள்ளை மறுபடி அந்த மேஜைக்குப் போய்விடுவாள்.

ஆபீஸர் உற்சாகமாகச் சிட்டுவின் கன்னத்தைப் பிடித்துத் திருகினார். “பெரியப்பா வந்திருக்கேன்ல, எப்படி இருக்க, சொல்லு!”

சிட்டு அவர் கையைத் தள்ளினாள். “வேணாம்.”

யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகச் சொன்னாள். ஆபீஸர் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்திப் பிடித்தார். “வேணாமா? பெரியப்பாவையா? ஒழுங்கா சொல்லு!”

“வேணாம்” என்றாள் மறுபடி. குரல் உடைந்தது.

தங்கை அவர் விரல்களைப் பிரித்துக் கையை எடுத்துவிட்டாள். “அவ வேணாம்னு சொல்றா மாமா.”

“பாத்தியாடா மரியாதையை!” என்று ஆபீஸர் தம்பி பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலையில நீயே கூட்டிட்டுப் போய் விட்டுடு. என்ன, சரியா?”

அவன் மகளைப் பார்த்தான். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது.

“வேணாம்ணா” என்றான்.