ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பொய்

ஓசூர் கம்பெனியில் இரும்புச் சட்டம் விழுந்து என் வீட்டுக்காரரின் மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கான்ட்ராக்டர், "வீட்டுல வழுக்கி விழுந்தாருன்னு சொல்லும்மா. கம்பெனின்னா போலீஸ் வரணும், வைத்தியம் லேட்டாகும்" என்றார். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான்; எதற்கும் பயம். டாக்டரிடம் அப்படியே சொன்னேன்; அவரும் சீட்டில் அதையே எழுதினார்.

பிறகு நஷ்டஈடு கேட்க, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வக்கீலம்மாவிடம் போனேன். சீட்டைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"வீட்டுல விழுந்தாருன்னு இருக்கே. யாரும்மா சொன்னது?"

அடிபட்டதே நினைவில்லாத வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நான் வீட்டுலயா விழுந்தேன்?"

"இல்லீங்க, கம்பெனியிலதான். நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"இதையே கோர்ட்டுல சொல்லுவியா? அவங்க வக்கீல் உன்னைக் குடைஞ்சு எடுத்துருவாரு" என்றார் வக்கீலம்மா.

"சொல்றேங்க மேடம்."

கேஸ் நடக்கிறது. ஜெயிப்போமா, தெரியாது. முதல் நாள் சொன்னது நினைவில் நிற்காமல், தினமும் காலையில் வீட்டுக்காரர், "நான் வீட்டுலயா விழுந்தேன்?" என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் கோர்ட்டில் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.