கடலூருக்கு நான் புள்ளி வைத்த கதை

சிவப்பு எனாமல் பெயின்ட் வாசனையும் வெல்டிங் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு உடனே எங்கள் கடலூர் சில்வர் பீச் ஞாபகம் வந்துவிடும்...

"ப்ளஸ் டூ படிக்கிற உனக்கு என்னடி நினைவலை?" என்று கமென்ட் போடாதீர்கள். அலை அடிக்கிற ஊர்க்காரி நான். நினைவும் கொஞ்சம் இருக்கிறது. சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. என் மாமா செல்வத்துக்கு மஞ்சக்குப்பத்தில் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி... இதுதான் அவர் உலகம். திடீரென்று பீச் விழாக் குழுவிலிருந்து ஓர் ஆர்டர்! கடற்கரையில் நிறுத்த, இரும்பில் ஆளுயர எழுத்துகள்: "நம்ம கடலூர்". இது நன்றாக அமைந்தால் சிதம்பரத்துக்கும் மாமாவே செய்யலாம் என்று பேச்சு.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே பார்க்கப் போகிற அவருடைய முதல் வேலை! 'ட'வை முடித்ததும் நாற்காலி போல அதில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

சிக்கல் புள்ளியில் வந்தது. எழுத்து தரையில் நிற்கும். புள்ளி எதில் நிற்கும்? அந்தரத்தில்! மாமா மண்டையை உடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு மஞ்சள் வட்டங்களை வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிக் கால். அதை எழுத்தின் முதுகில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். வண்டியில் ஏற்றும்போது கழற்றிக்கொள்ளலாம்.

கழற்றலாம் என்றால்... நான் சும்மா இருப்பேனா?

எழுத்துகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிய அன்று, ஒரு புள்ளியை மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாள் திறப்பு விழாவுக்கு முன்னால் மாமா தேடுவார். நான் கெத்தாக எடுத்து நீட்டி, "இந்த ஊர்ல பெரும்புள்ளி யாரு மாமா? நாந்தான்!" என்பேன். டயலாக் எல்லாம் ரெடி.

காலையில் பீச்சுக்கு ஓடினேன். எழுத்துகள் நிற்கின்றன. வண்டியைக் காணோம்!

"மாமா, குட்டியானை எங்க?"

"புவனகிரில ஒரு கேட்டு எறக்கப் போயிருக்கு. அத வுடு, 'ர்' புள்ளியக் காணோம் தேனு!"

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மாமா, பட்டறையில் கூட வேலை செய்யும் கோபி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்துனது நீதானடா? ஒரு புள்ளிய ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல?"

"சத்தியமா ரெண்டும் ஏத்துனேண்ணே..." கோபி அண்ணன் மண்ணில் முட்டி போட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

புள்ளி இருந்தால்தான் மெய்யெழுத்து. தமிழ் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டது, அப்போதுதான் சுருக்கென்றது. புள்ளியை எடுத்தவளிடம்தானே மெய்யும் இருக்கிறது...

"மாமா, கோபிண்ணன் இல்ல. நாந்தான். வெளையாட்டுக்கு வண்டி சீட்டுக்கு அடியில வெச்சேன்."

மாமா உடனே டிரைவருக்குப் போன் போட்டார். புள்ளி பத்திரமாக இருக்கிறதாம், ஒரு மணி நேரத் தொலைவில், புவனகிரியில்! விருந்தினர் வர இன்னும் பத்து நிமிடம்.

"நம்ம கடலூர". பாதியில் தொண்டை அடைத்த மாதிரி நின்றது எழுத்து.

"போச்சு தேனு. சிதம்பரமும் போச்சு" என்றார்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். சுண்டல் அக்காவின் வாளி. அதற்கு மஞ்சள் மூடி! கேட்டுவிட்டு எடுத்தேனா, எடுத்துவிட்டுக் கேட்டேனா, ஞாபகம் இல்லை. ஒரு காலி டிரம்மை 'ர'வுக்குப் பின்னால் கோபி அண்ணன்தான் உருட்டிவந்து நிறுத்தினார்.

"ஏறு ஏறு! நான் புடிச்சிக்கிறேன்."

அவர் பேச்சு வாங்கியது என்னால். அவர் பிடித்த டிரம்மில்தான் நான் நிற்கிறேன்...

ஏறி, மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமாக "கடலூர்". ரிப்பன் வெட்டியாயிற்று. பேச்சு தொடங்கியது... தொடர்ந்தது... தொடர்ந்துகொண்டே இருந்தது. பேச்சுக்கு முற்றுப்புள்ளி இல்லை, எழுத்துப் புள்ளிக்கோ கை கடுக்கிறது!

"என்னப்பா, புள்ளி ஆடுது?" விருந்தினர் குரல்.

"கடக்காத்து சார்" என்றார் மாமா.

அப்போது பார்த்து கூட்டத்திலிருந்து ஒரு சத்தம். "ஏ பொண்ணு! என் மூடியக் குடும்மா, சுண்டல்ல மண்ணு வுழுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விருந்தினர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"கடலூர்ல ஒரு சின்னப் புள்ளி சார்."

அவர் சிரித்த சிரிப்பில்தான் மாமாவுக்கு மூச்சே வந்தது. மத்தியானம் நிஜப் புள்ளி வந்து சேர்ந்தது. மாட்டியது கோபி அண்ணன். ஸ்பேனர் பிடித்தது, தண்டனையாக, நான்.

அதற்கு முன்பெல்லாம் பீச்சில் ஒருத்தரைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது? "'ட'வுல உக்காந்திருக்கேன், வா" என்றால் போதும். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் 'லூ' வளைவில் தொங்குகிறார்கள். மீன் விற்றுவிட்டு வரும் அக்காக்கள் 'ந' நிழலில் கூடையை இறக்குகிறார்கள். அன்றைக்கு எல்லாரும் கடலைப் பார்த்து உட்காருவோம். இன்றைக்குப் பாதி ஊர் கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறது. கடலுக்கே கொஞ்சம் காண்டாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் சிதம்பரம் ஆர்டரும் மாமாவுக்கே வந்துவிட்டது! போன வாரம் அங்கே எழுத்துகள் தார்ப்பாய் மூடி நின்றிருந்தன. என்ன அது என்று கேட்டவர்களிடமெல்லாம் "சிதம்பர ரகசியம்" என்று சொல்லி வைத்தேன். நேற்று திறந்தாயிற்று. "நம்ம சிதம்பரம்". மொத்தம் மூன்று புள்ளி.

பின்னால் போய்ப் பார்த்தேன். போல்ட் இல்லை. மூன்றும் வெல்டிங். ஓங்கி ஆட்டினாலும் அசையவில்லை. நியாயமாக சந்தோஷப்பட வேண்டும்... ஆனால் யாரும் டிரம்மில் ஏறிப் பிடிக்கத் தேவையில்லாத புள்ளி என்னவோ கொஞ்சம் போர்தான்.

போன் அடித்தது. மாமா.

"என்ன, ஆட்டிப் பாத்துட்டியா?"

"பாத்தேன் மாமா. ஆடல."

"ம்" என்றார்.

ஒரே எழுத்து. புள்ளி கெட்டியாக இருந்தது.