தூசி ஊதியவன்

1946-ல் சென்னையில் ஒளிப்பதிவு படித்தேன். படச்சுருளுக்குத் தட்டுப்பாடு. அதனால் ஓராண்டு முழுக்க வெறும் காமிராவை வைத்தே படமெடுத்துப் பழகினோம். எடுத்து முடித்ததும் காமிராவின் கதவைத் திறந்து உள்ளே தூசி ஊத வேண்டும். அதில் இந்த ஸ்தனிஸ்லாஸை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை.

பரீட்சைக்கு நிஜச் சுருள் கொடுத்தார்கள். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் துணி துவைக்கும் வேலம்மாவை உச்சி வெயிலில் படம்பிடித்தேன். முடித்த கையோடு, பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து ஊதினேன். வெளிச்சம் பட்டால் சுருள் பாழ் என்பது முதல் நாள் பாடம்.

தன்னைத் திரையில் பார்க்க வேலம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். திரை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

"வெய்யிலு நல்லா வந்துகீது நைனா," என்றாள். "நான் எப்போ வருவேன்?"