அம்மா கூப்பிட்ட நாய்

சிலாபத்துப் பண்ணையில் விற்பனைக்குக் குட்டி போட்டு ஓய்வுபெற்ற ராணி என்ற நாயை நாங்கள் எடுத்து வளர்க்கத் தொடங்கி ஒரு வாரம்.

நான் "வா" என்றால் அசையமாட்டாள். அம்மா "என்ன?" என்று அதட்டி விரட்டினால் மட்டும் ஓடிவந்து மீன்சட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள்.

"சொல்லுக் கேக்காத நாய். ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் குடுத்திருவம்" என்றார் அம்மா.

இன்று மீன் விற்க வந்த அண்ணன் இதைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, அது சிலாபத்தில சிங்களம் கேட்டு வளந்த நாய். சிங்களத்தில 'என்ன' எண்டா 'வாங்க' தானே? நீங்கதான் மரியாதையாக் கூப்பிடுறீங்க."

அம்மாவுக்கு நன்றாகச் சிங்களம் தெரியும். ஆனாலும் இது தோன்றவே இல்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் மெதுவாக.

ராணி உடனே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கதையை அம்மா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

உங்கள் அம்மா "என்ன" சொல்லாமல் ஒரு நாள் இருப்பாரா?