ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

ஜமால் முகம்மது இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தார். நம் ஊர் வாடகை சைக்கிள் கடை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் விரல் தடிமன் டயரும் வைத்த ரோடு பைக் விற்கிற கடை, ஏசி போட்டது. அவர் கையால் பூட்டிக் கொடுத்த வண்டிகள் சில ஆயிரம் இருக்கும். அத்தனையிலும் சேர்த்து அவர் ஓட்டியது என்று பார்த்தால், கடை வாசலிலிருந்து அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்புகிற டெஸ்ட் ரைடு, அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இதை வாங்கினால் நான் வேகமாகப் போவேனா? ஜமாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார். கண்டிப்பாகப் போவீர்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஆள் அதே தொப்பையோடு வந்து, இதைவிட லேசாக ஒன்று இருக்கிறதா என்று விசாரிப்பார். இருக்கிறது என்பார் ஜமால். பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மிதித்துப் பார்த்தால்தானே தோன்றும்.

போன நவம்பரில், போதும் என்று ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது முதலாளி, யாரோ ஒரு வாடிக்கையாளர் புதுசு வாங்கிக்கொண்டு விட்டுப்போன பழைய ரோடு பைக் ஒன்றை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்து அனுப்பினார். எடை எட்டு கிலோ. வீட்டுக்கு வந்த அன்றைக்கே கூடத்தில் உட்கார்ந்து அதைப் பூட்டி முடித்து, சுண்டுவிரலில் தூக்கிக் காட்டினார். மனைவி சபியா பீவி பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல காத்தடிச்சா புடிச்சிக்கோங்க" என்றாள்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் வீடு. சபியா காலையில் இடியாப்பம் பிழிந்து, ஹாட் பாக்ஸில் அடுக்கி, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவள். கொரோனா சமயத்தில் ஷார்ஜா கடை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தபோது ஆரம்பித்தது. பிறகு கடையைத் திறந்துவிட்டார்கள், ஆனால் இவள் நிறுத்தவில்லை. மகள் ஃபர்ஹானா பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் அவளுடைய வண்டி. மகள் கல்யாணமாகிக் கோட்டக்குப்பம் போய்விட்டாள், சைக்கிள் அம்மாவுக்குத் தங்கிவிட்டது. இருபது கிலோ இரும்பு, பின்னால் கேரியரில் பதினாலு கிலோ பெட்டி. ஆறு மணிக்குக் கிளம்பி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் முப்பத்தோரு வீடு, ஒரு டீக்கடை. ஏழு மணிக்கெல்லாம் பெட்டி காலி. இடியாப்பம் ஆறிப்போனால் யார் வாங்குவார்கள்?

அவள் தனியாக அந்த இருட்டு விலகாத நேரத்தில் போவதை நினைத்து ஜமால் அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு மனசு கலங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போனில் தவறாமல் சொல்வார், "நான் வந்துட்டேன்னா உன் கூடவே சைக்கிள்ல வர்றேன் பாரு." சபியா, "வாங்க வாங்க" என்பாள். அப்புறம் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் என்று பேச்சு எங்கேயோ போய்விடும்.

வந்த பிறகுதான் தெரிந்தது, சொந்த வீட்டில் தான் ஒரு விருந்தாளி என்று. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. சபியா அவருக்கு மட்டும் புதுத் தட்டில் சோறு போட்டாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்போ திரும்பிப் போறீங்க பாய்?" என்று கேட்டார்கள். அந்த வீடு அவர் இல்லாமலே நன்றாக ஓடப் பழகியிருந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் வலிக்கத்தானே செய்யும்.

ஆகவே ஜமால் ரோடு பைக்கைத்தான் நம்பினார். எட்டு கிலோ வண்டி, இருபது கியர். முப்பது கிலோவுக்கு மேல் சுமக்கிறவளை எட்டிப் பிடிப்பது ஒரு விஷயமா?

முதல் நாள் செஞ்சி ரோடு திரும்புவதற்குள் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டு கிலோ சைக்கிள் மேல் எண்பத்தாறு கிலோ ஜமால் உட்கார்ந்திருந்தார், அந்தக் கணக்கை அவர் போடவில்லை. குனிந்து பிடிக்கிற ஹேண்டிலில் வயிறு தொடையில் இடித்தது. மூச்சு இரைத்தது. அடுத்த முனையில் சபியா இறங்கி நின்று பெட்டியின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். இவர் போய்ச் சேர்ந்ததும், "மூடி லூசா இருக்குது" என்று சொல்லி மறுபடி ஏறினாள். அதற்கடுத்த முனையிலும் அதே மூடி. அன்றைக்கு மத்தியானமே ஜமால் கடைவீதிக்குப் போய் ரப்பர் வளையம் வாங்கி, மூடியைக் காற்றுகூடப் புகாதபடி சரிசெய்து வைத்தார். மறுநாளும் அவள் ஒவ்வொரு முனையிலும் இறங்கி மூடியைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். என்ன பெட்டியோ என்று ஜமால் சலித்துக்கொண்டார்.

இன்னொரு தொல்லை, அந்த வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. சபியா வீட்டுக்கு வீடு சட்டென்று ஸ்டாண்டு போட்டு, மூடியைத் திறந்து, இடியாப்பத்தை எடுத்து வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, காசு வாங்கிக்கொண்டு ஏறிவிடுவாள். ஜமால் இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவர் மாதிரி நிற்பார். உதவிக்கு வந்த ஆளுக்கு ஒரு கைகூடக் காலியில்லை. முதல் வீட்டிலேயே அவளுடைய சைக்கிள் மேல் தன்னுடையதைச் சாய்க்கப் பார்த்தார். பெட்டி ஆட்டம் கண்டது. "இதுமேல சாய்க்காதீங்க, கவுந்துடும்" என்றாள் சபியா. அவள் இடியாப்பத்துக்காகச் சொன்னது. இவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கார்பனில் செய்த வண்டி, ஸ்டாண்டு மாட்டினால் விரிசல் விட்டுவிடும். அதை அவரைத் தவிர அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு மாதம் இப்படியே போனது. ஏழு மணிக்கு முடிகிற சுற்று ஏழரைக்கு முடிந்தது, சில நாள் ஏழே முக்காலுக்கு. ஜனவரியில் ஒருநாள் டீக்கடை புகழேந்தி, கல்லாவைத் துடைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார், "முன்னல்லாம் ஆறே முக்காலுக்கே இடியாப்பம் வந்துடும் பாய்."

அவ்வளவுதான் சொன்னார். நான் இவளுக்குத் துணையாக வரவில்லை, பாரமாக வந்திருக்கிறேன் என்று ஜமால் முடிவு கட்டிவிட்டார். அதே வாரம் ஷார்ஜா முதலாளி வேறு போன் செய்தார். புதிதாக வந்த ஆளுக்குக் கியர் கட்டவே தெரியவில்லை, மாதக் கடைசிக்குள் வருவதென்றால் விசா தயார் என்றார். விழுப்புரத்தில் ஏஜென்ட் ஆரோக்கியராஜிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும். இங்கே யாருக்கும் தேவைப்படாத கை அங்கே தேவைப்படுகிறது. ஜமால் சரி என்றார். சபியாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு நீ போய்ட்டு வா. நான் விழுப்புரம் வரைக்கும் ஒரு ரைடு போய்ட்டு வர்றேன்" என்றார். சபியா இடியாப்பத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "பாத்துப் போங்க, லாரி ஜாஸ்தி" என்றாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அந்த வண்டி பிய்த்துக்கொண்டு போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜமால், தான் இத்தனை வருடம் விற்றது என்னவென்று உணர்ந்தார். கூட்டேரிப்பட்டு வந்ததும் தெரியவில்லை, கடந்ததும் தெரியவில்லை. ஹேண்டிலில் இருந்த சின்ன மீட்டர் மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று காட்டியது. இரண்டு பக்கமும் வேர்க்கடலைச் செடி நிறைந்த மல்லாட்டைக் கொல்லைகள் பின்னால் ஓடின. ஆஹா, நான் சொன்னது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டார். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது அவர் புத்திக்கு எட்டவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பின் டயர் புஸ்ஸென்று இறங்கியது. ஒரு டீக்கடை ஓரமாக உட்கார்ந்து, ஓட்டை டியூபைக் கழற்றி இடுப்புப் பையில் திணித்துவிட்டு, வேறு டியூப் போட்டார். இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முடித்துவிட்டு இரண்டாவது டீ குடிக்கும்போது எதிரே பஸ் நின்று, வெண்ணிலா டீச்சர் இறங்கினார். திண்டிவனத்தில் சபியாவின் வாடிக்கை வீடுகளில் ஒன்று அவருடையது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை.

"இன்னா பாய், இங்க இருக்கீங்க? அதான் அக்கா இன்னிக்குத் தனியா வந்தாங்களா" என்றார் டீச்சர். "ஆறேகாலுக்கே வந்து நின்னாங்க. பாய் வரலியான்னு கேட்டேன். அவருக்கு வேலை இருக்குதுன்னாங்க. மொகமே சரியில்ல."

"நான் இல்லன்னா ஜல்தியா முடிச்சிடுவா டீச்சர். என்னாலதான் உங்களுக்கெல்லாம் லேட்டாவுது."

"உங்களாலயா?" டீச்சர் சிரித்துவிட்டார். "அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சது பாய். அக்டோபர்லயே அக்கா ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து அரைமணி லேட்டாவும், எங்க வீட்டுக்காரர் கூட வருவாரு, அவருக்கு சைக்கிள் ஓட்டிப் பழக்கம் இல்ல, மெதுவாத்தான் வருவோம். சீக்கிரம் வேணுங்கறவங்க வேற ஆளைப் பாத்துக்கங்கன்னாங்க. எனக்கு பஸ்ஸுன்னு என் வீட்டை மட்டும் மொதல்ல மாத்தி வெச்சாங்க."

ஜமால் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேற ஆளைப் பாத்தாங்களா யாராவது?"

"ஒருத்தரும் பாக்கல" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்.

ஜமால் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூடி நினைவுக்கு வந்தது. தான் ரப்பர் போட்டு, காற்றுகூடப் புகாதபடி சரிசெய்து வைத்த மூடி. அதை எந்த முனையிலும் அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. அவள் நின்றது இவருக்காக. நின்றது தெரிந்தால் இவர் கூசிப்போவார் என்று பெட்டி மேல் பழி போட்டிருக்கிறாள். வாரா வாரம் போனில் இவர் ஏதோ ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையை அவள் நிஜமென்று எடுத்துக்கொண்டு, ஊரெல்லாம் சொல்லி, அரைமணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். லாரிகள் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையோரத்தில் ஐம்பத்தொரு வயது ஜமாலுக்கு அழுகை வந்தது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விழுப்புரம் அங்கிருந்து பதிமூன்று கிலோமீட்டர்தான். அவர் வண்டியைத் திருப்பினார்.

வரும்போது தள்ளிய காற்று இப்போது நெஞ்சில் முட்டியது. மீட்டர் பதிமூன்று, பதினாலைத் தாண்டவே இல்லை. ஒரு கல்லூரிப் பெண் சாதா சைக்கிளில் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனாள். ஷார்ஜாவில் தன்னிடம் கேள்வி கேட்ட அத்தனை பேர் முகமும் ஜமாலுக்கு வரிசையாக வந்துபோனது. அல்லா மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு மிதித்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது சபியா அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். வேர்வையில் அது நனைந்து ஊறியிருந்தது.

"குடுக்கலியா?" என்றாள் சபியா.

"உனக்குத் தெரியுமா?"

"பீரோ சாவி என் இடுப்புலதான இருக்குது."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

சபியா சல்லடையைத் தட்டினாள். "நான் இன்னா சொல்றது. வந்துட்டா உன் கூடவே வர்றேன்னு வாரா வாரம் சொன்னது நீங்க. நம்பினது நான். அதுக்கு மேல இழுத்துப் புடிச்சி வெக்கறதுக்கு எனக்குத் தெரியாதுங்க." எழுந்துபோய், பாஸ்போர்ட்டைக் கொடியில் விரித்து, துணிக் கிளிப் போட்டு வெயிலில் தொங்கவிட்டாள். அது காய்ந்ததும் எங்கே வைத்தாள் என்று ஜமால் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். பேச்சோடு பேச்சாக முதலாளி, அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். "காத்து தள்ளினா நல்லா ஓடுது சேட்" என்றார் ஜமால்.

மறுநாள் காலை வெண்ணிலா டீச்சர் வீட்டு வாசலில் சபியா ஸ்டாண்டு போட்டாள். ஜமால் வழக்கம்போல் இரண்டு கையாலும் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதை ஏன் புடிச்சிக்கினு நிக்கிறீங்க. இதுமேல சாய்ங்க."

"பெட்டி கவுந்துடும்."

"கவுராது. கட்டிட்டேன்."

பார்த்தார். விக்கிரவாண்டியில் கழற்றிய ஓட்டை டியூபை இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியைக் கேரியரோடு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். ஜமால் மெதுவாக எட்டு கிலோ வண்டியை இருபது கிலோ வண்டியின் மேல் சாய்த்தார். இரண்டும் அசையாமல் நின்றன. அவர் இரண்டு கையும் காலியாக இருந்தன. மூடியைத் திறந்து, "எத்தனை வெக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சுற்று முடிய எட்டு மணி ஆனது. ஏன் லேட்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.