வருதா புஷ்பா?

“மொதல்ல அந்த ரிமோட்ட கீழ வைங்க லா.”

புஷ்பவள்ளி அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான். வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் அப்புறம். டிவியில் படம் வரவில்லை என்றால் நம் ஜனங்கள் கைக்குக் கிடைத்த பொத்தானை எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்குள் ஒரு கோளாறு மூன்றாகியிருக்கும். அக்கா ரிமோட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு டிவியின் முதுகுப்பக்கம் தலையை விட்டுவிடுவார். அதன்பிறகு அங்கிருந்து திட்டு மட்டும்தான் வெளியே வரும்.

சொருகியிருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பச் சொருகுவார். டிகோடர் பெட்டியின் சூட்டுக்குக் குடிவந்த எறும்புகளைத் தட்டிக் கொட்டுவார். பாதி வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும். தெமியாங்கில் ஒரு மனிதர் டிவி செத்துப்போய்விட்டது என்று கடையில் புதுசுக்கு விலைகூடக் கேட்டுவிட்டார். பார்த்தால், டிகோடர் வயர் இரண்டாம் ஓட்டையில் இருக்கிறது, டிவி முதல் ஓட்டையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது. “சாவல, வேற வாசல்ல நிக்குது” என்று சொல்லி ரிமோட்டில் ஒரே அமுக்கு. அந்த மனிதர் பாவம், தலையைச் சொறிந்தார்.

மீதிப் பாதி வீடுகளுக்குக் கூரைக்கு ஏற வேண்டும். அது அக்காவின் வீட்டுக்காரர் தர்மராஜின் இலாகா. அவர் மேலே ஏரியலைத் திருப்புவார், அக்கா உள்ளே திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். மம்பாவில் வீடு வாங்கி வந்தபிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. மாறாததற்குக் காரணம் இருக்கிறது.

இருவரும் சுவா பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் முதல் டிவி அக்காவின் அப்பா வாங்கியது. வீடுகளுக்குக் கரண்ட் வராத காலம். கார் பேட்டரியில்தான் ஓடும். தமிழ்ப்படம் போடுகிற நாளில் வாசல்வரை பாய் விரித்து லயமே உட்கார்ந்துவிடும். நல்ல கட்டத்தில் திரையில் அரிசி கொட்டினாற்போல் புள்ளி விழும். உடனே தர்மராஜ் கூரைமேல் இருப்பார். “வருதா புஷ்பா?” என்று அவர் மேலிருந்து கேட்க, வரல என்று ஒருவர், வந்துச்சு என்று ஒருவர், போச்சு என்று வாசலில் நிற்கும் கூட்டம். ஆளாளுக்குக் கத்துவார்கள். அத்தனை கூச்சலிலும் தனக்குக் கேட்டது ஒரே ஒரு குரல்தான் என்று தர்மராஜ் பின்னாளில் சொன்னார். கல்யாணத்துக்கு வேறு காரணம் எதையும் அக்கா இன்றுவரை சொன்னதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குரல்தான் இப்போது போய்ச் சேர்வதில்லை. தர்மராஜுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. மகன் வசந்தன் வாங்கிக் கொடுத்த காது மெஷின், காற்றடித்தால் ஒரே இரைச்சல் என்று அலமாரியில் தூங்குகிறது. போன மாதம் ஒரு வீட்டில் அக்கா கத்தியது கேட்காமல் கூரையில் வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தார். விஷயம் வசந்தன் காதுக்கு எட்டிவிட்டது.

“அப்பாவுக்கு நீங்க சொல்றதே கேக்கலம்மா. மேல இருந்து விழுந்தா என்ன செய்வீங்க? வேற ஆள் வச்சுக்குங்க.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அக்காவுக்குக் கோபம். கடைசியில், இன்றைக்குச் சுவாவில் இருக்கிற வேலைக்கு மட்டும் கூட்டிப் போகிறேன், அதிலும் சரிப்பட்டு வராவிட்டால் அப்பா வீட்டோடு இருக்கட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்த தர்மராஜுக்கு இது கேட்டிருக்காது. ஆனால் எப்படியோ தெரிந்திருந்தது. தீபாவளிக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூப்பிடும் முன்பே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

சுவாவில் பஞ்சாலை என்பவரின் வீடு. ரப்பர் பால் தந்த கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில், இன்னும் ஆள் இருக்கும் லயத்து வீடுகளில் ஒன்று. அக்கா வயர்களைப் பார்த்தார், எல்லாம் சரி. பெட்டியின் மெனுவைத் திறந்து பார்த்தால் சிக்னல் கோடு சிவப்பில் கிடக்கிறது. காற்றில் திரும்பிய ஏரியலைத் தானே ஏறித் திருப்பிப் பார்த்ததாகப் பஞ்சாலை ஒப்புக்கொண்டார். நிறுத்தாமல் ஒரு சுற்று சுற்றினாராம்.

தோட்டத்துக் கைகள் எல்லாம் செய்கிற தப்பு இது. பழைய டிவியில் திருப்பத் திருப்பப் படம் தெளியும், கை நிற்க வேண்டியதே இல்லை. இந்த டிஜிட்டல் அப்படியல்ல. கொஞ்சம் திருப்பிவிட்டு நிற்க வேண்டும். பெட்டி யோசித்துத்தான் பதில் சொல்லும். “இருந்தா முழுசா இருக்கும், இல்லன்னா ஒண்ணுமே இல்ல. அரைகொறை கெடையாது” என்பார் அக்கா. தர்மராஜுக்கு இது தலைகீழ்ப் பாடம். திருப்புவார், நிற்பார், குரலுக்குக் காத்திருப்பார். குரல் வராவிட்டால் இன்னும் திருப்பு என்று அர்த்தம்.

ஏரியல் கம்பம் ஜன்னலை ஒட்டிச் சுவரில் அறைந்திருந்தது. அதன் அடிப்பாகம் துருவேறி இறுகிவிட்டதால் மேலே போய்த்தான் திருப்ப வேண்டும். தர்மராஜ் ஏறினார். திருப்பினார், நின்றார். கோடு பச்சையானது. “போதுங்க!” என்றார் அக்கா. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவர் மேலும் திருப்பினார். பச்சை போய்விட்டது.

இரண்டாம் தடவை அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். அப்போதும் பச்சை வந்து போனது.

“மாமாவுக்குக் காது கேக்கலயாக்கா?” என்று பஞ்சாலை மெல்லக் கேட்டார்.

“காத்து அடிக்குதுல்ல” என்றார் அக்கா. வெளியே ஒரு செம்பனை மட்டைகூட அசையவில்லை.

வசந்தனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நாளையிலிருந்து அந்த மனிதர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கம் அதிரச் சத்தம் வைத்தும், என்ன சொல்கிறார்கள் என்று அக்காவின் முகத்தைப் பார்ப்பார். வேறு எவனோ ஒருவன் கூரைமேல் நின்று வருதா என்று கேட்பான். அதற்கு அக்கா பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தடவையாகக் கோடு பச்சைக்கு வந்தது. கத்த வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அழுகைதான் வந்தது. வயதின் மேல் கோபம், வசந்தன் சொன்னது சரியாகிப்போனதில் கோபம், மெஷினைப் போடாத மனிதர் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். கையிலிருந்த ஸ்குரூடிரைவரின் கட்டையால் ஜன்னல் வழியே அந்த இரும்புக் கம்பத்தை ஓங்கி ஓர் அடி அடித்தார்.

மேலே கம்பத்தைப் பிடித்திருந்த கை நின்றது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை போகவில்லை. பெட்டி யோசித்து முடித்துப் படத்தைக் கொண்டுவந்தது, பளிச்சென்று, முழுசாக. பஞ்சாலை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போய்ச் சொல்லி அவரை இறக்க வேண்டும் என்று அக்கா எழுந்தார். அப்போது ஜன்னலோரக் கம்பம் அதிர்ந்தது. மேலேயிருந்து நிதானமாக இரண்டு தட்டு. கூரையிலிருந்து அந்தக் காலத்தில் வருதா புஷ்பா என்று கேட்ட அதே இடைவெளியில் இரண்டு தட்டு.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கையை வெளியே நீட்டி, வளையலாலேயே கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினார்.